ஒரே படம், மூன்று நீளம்: பழைய பேய்ப்படம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

யூட்யூபில் 'நோஸ்ஃபெராட்டு' என்று தேடிப் பாருங்கள். அதே 1922-ஆம் ஆண்டு ஜெர்மன் படம் ஒரு மணி நேரச் சொச்சம், 80 நிமிடச் சொச்சம், 94 நிமிடம் என்று பல நீளங்களில் வரிசைகட்டி நிற்கும். புதிதாக வருபவரின் விரல் தானாகக் குட்டையானதைத் தட்டும். சாம்பல் பூத்த படம், தத்தக்கா பித்தக்கா என்று ஓடும் மனிதர்கள், காட்சிக்குச் சம்பந்தமே இல்லாத பியானோ. பத்து நிமிடத்தில் மூடிவிட்டு, "இதுக்கா அந்தக் காலத்து ஆளுங்க பயந்தாங்க?" என்பார். முர்னாவ் எடுத்த படத்தை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.

எந்தப் படம் பார்க்கலாம் என்று கேட்பதற்கு முன்னால் எந்தப் பிரதி என்று கேட்கப் பழக வேண்டும். அதைச் சரிசெய்துவிட்டால் மீதி வேலை சுலபம்.

நிமிடக் கணக்கு

ஊமைப்பட நாட்களில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 20 ஃப்ரேம் வரை, ஆளுக்கு ஆள் மாறும். பேசும்படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. 18-இல் சுற்றியதை 24-இல் ஓட்டினால் நடப்பவர் ஓடுவார், அழுபவர் துள்ளுவார். பழைய படம் என்றாலே சிரிப்பு வருவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பெருக்கல் போதும். நோஸ்ஃபெராட்டுவின் சீரமைக்கப்பட்ட பிரதி 18 ஃப்ரேம் கணக்கில் 94 நிமிடம். 94-ஐ 18-ஆல் பெருக்கி 24-ஆல் வகுத்தால் எழுபதரை. ஆகவே 70 நிமிடப் பிரதி கிடைத்தால் படம் அநேகமாக முழுசாக இருக்கிறது, வேகம்தான் தப்பு. அதற்கும் கீழே என்றால் காட்சிகளும் போயிருக்கின்றன.

வேகம் மட்டும் தப்பாக இருந்தால் நீங்களே திருத்தலாம். யூட்யூபிலோ விஎல்சியிலோ வேகத்தை 0.75-க்கு மாற்றுங்கள், 18-ஐ 24-ஆல் வகுத்தால் அதுதான் வரும். இசையும் சேர்ந்து இழுபடும் என்பதால் ஒலியை நிறுத்திவிடுங்கள். அந்த இடத்தில் கைபேசியில் தம்புரா ஆப்பை மெல்ல ஓடவிட்டால், யாரோ ஒட்டவைத்த பியானோவைவிடப் பல மடங்கு தேவலை.

ஒரு எச்சரிக்கை. காட்டு வழியில் கோச்சு வண்டி வெடுக் வெடுக்கென்று பாயும் காட்சி வரும். மரங்கள் வெள்ளையாக, வானம் கருப்பாகத் தெரியும். அங்கே வேகமும் நெகடிவும் இயக்குநர் வேண்டுமென்றே செய்தவை. வேகம் சரியா என்று அதை வைத்துப் பார்க்காதீர்கள். சாதாரணமாக ஒருவர் தெருவில் நடக்கும் காட்சியை வைத்துப் பாருங்கள்.

பேசும்படத்துக்கு இன்னொரு கணக்கு உண்டு. ஐரோப்பிய டிவிடிகள் 24 ஃப்ரேமை 25-ஆக ஓட்டுபவை. 71 நிமிட 'ஃபிராங்கன்ஸ்டைன்' அதில் 68 நிமிடமாகிவிடும். மூன்று நிமிடம் குறைகிறதே, சென்சார் வெட்டு என்று பதற வேண்டாம். தனியாக இறக்கிய சப்டைட்டில் கோப்பு இதனால்தான் படம் போகப் போகப் பிசகும். ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ விஎல்சியில் ஜி, ஹெச் விசைகளால் சரிசெய்யலாம். பிசகு கூடிக்கொண்டே போனால் வேகம் வேறு என்று அர்த்தம். டிராக் ஒத்திசைவுப் பகுதியில் சப்டைட்டில் வேகத்தையே மாற்ற வேண்டும்.

நிறம் போனால் கதையும் போகும்

அன்றைய ஃபிலிமுக்கு இருட்டில் படமெடுக்கும் திறன் கிடையாது. பகலில் எடுத்து, பிரிண்டை நீலச் சாயத்தில் முக்கினால் அது இரவு. மஞ்சள் சாயம் என்றால் பகல் அல்லது விளக்கொளி. சாயமில்லாத கருப்பு வெள்ளைப் பிரதியில் நோஸ்ஃபெராட்டுவின் ரத்தக்காட்டேரியான ஓர்லாக் பிரபு சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உச்சிவெயிலில் ஊருக்குள் நடந்து போவார். அதே ஓர்லாக் கடைசியில் காலை வெயில் பட்டுச் சாகிறார். பார்ப்பவருக்குக் குழப்பம் வராமல் என்ன செய்யும்? படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி அழியும் என்ற விதியைக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான்.

இத்தனை அரைகுறைப் பிரதிகள் எப்படி வந்தன? படத்தயாரிப்பாளர்கள் நாவலுக்கு உரிமை வாங்கவில்லை. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளாரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கும்படி 1925-இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குள் வெளிநாடுகளுக்குப் போயிருந்தவை தப்பின. அந்தந்த நாட்டுக்காரர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வெட்டி ஒட்டினார்கள். அடையாளம் காண ஒரு வழி: காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளில் ஓர்லாக், ஹுட்டர், எல்லன் என்று பெயர் வந்தால் மூலத்துக்கு நெருக்கம். டிராகுலா, ஹார்க்கர் என்று வந்தால் அமெரிக்கப் பிரதி வழி வந்தது.

டிவியை அடக்குங்கள்

புது டிவியின் தொழிற்சாலை அமைப்பு கிரிக்கெட்டுக்காகச் செய்தது. மூன்று இடங்களில் கை வைக்க வேண்டும்.

முதலில் அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அது ஒன்றே போதும். இரண்டாவது, பிக்சர் மோடை விவிடிலிருந்து சினிமாவுக்கு மாற்றுங்கள். விவிடில் வெள்ளை கண்ணைக் குத்தும், நிழலுக்குள் இருப்பதெல்லாம் கரியாகும். இந்தப் படங்களுக்கு நிழல்தான் சொத்து.

மூன்றாவது, படத்தின் அகலம். 1950-களின் தொடக்கம் வரை படங்கள் ஏறக்குறைய 4:3 அளவில்தான் எடுக்கப்பட்டன. இன்றைய 16:9 டிவியில் இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை விழுவதே முறை. பட்டை பிடிக்கவில்லை என்று 'ஜூம்' அழுத்தினால் மேலும் கீழும் வெட்டுப்படும். ஃபிராங்கன்ஸ்டைன் படத்தில் எது வெட்டுப்படும் தெரியுமா? ஒப்பனைக் கலைஞர் ஜாக் பியர்ஸ் தினமும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் உட்கார்ந்து, பஞ்சும் கொலோடியன் என்ற பசைத் திரவமும் வைத்துக் கட்டிய அந்தத் தட்டையான மண்டை. மூளையை மாற்றி வைக்கிற மருத்துவர் மண்டையோட்டைச் சட்டி மூடி போலத்தானே திறந்து மூடியிருப்பார் என்று யோசித்து அவர் கொடுத்த வடிவம் அது.

எந்த வரிசையில்?

காலவரிசையில் போகாதீர்கள். பட்டியல் போடுபவர்கள் எல்லோரும் 1920-ஆம் ஆண்டு 'டாக்டர் கலிகாரியின் அறை'யில் தொடங்கச் சொல்வார்கள். நல்ல படம்தான், ஆனால் முதல் இரவில் தூக்கம் வரும். பேசும்படத்தில் தொடங்கி, கண் பழகிய பிறகு ஊமைப்படத்துக்குத் திரும்புங்கள்.

முதல் இரவுக்கு 1933-இன் 'தி இன்விசிபிள் மேன்'. 71 நிமிடம். வேகமும் நக்கலும் உள்ள படம், ஜேம்ஸ் வேல் இயக்கியது. கிளாட் ரெயின்ஸ் தலைக்கட்டை அவிழ்க்கும்போது உள்ளே தலை இருக்காது. நடிகருக்குத் தலை முதல் கால் வரை கருப்பு வெல்வெட் போர்த்தி, மேலே சட்டை மாட்டி, கருப்பு வெல்வெட் திரைக்கு முன் நிறுத்தினார்கள். கேமராவுக்குச் சட்டை மட்டும் தெரியும். பிறகு அதைத் தனியாக எடுத்த அறைக் காட்சியோடு சேர்த்தார்கள்.

இரண்டாவது இரவு, அதே வேலின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' (1931). உடனே 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' (1935). இரண்டும் சேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஃபிராங்கன்ஸ்டைன் என்பது மருத்துவரின் பெயர், பூதத்துக்குப் பெயரே இல்லை. முதல் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் பூதமாக நடித்தவர் பெயருக்கு நேரே கேள்விக்குறிதான் இருக்கும். போரிஸ் கார்லாஃப் பெயர் படத்தின் முடிவில்தான் வரும்.

இங்கேயும் பிரதிச் சிக்கல் உண்டு. ஏரிக்கரையில் சிறுமி பூவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுகிறாள், மிதக்கிறது. பூதமும் போடுகிறது, மிதக்கிறது. பூ தீர்ந்ததும் சிறுமியைத் தூக்கிப் போடுகிறது, அவளும் மிதப்பாள் என்று நினைத்து. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் 1934-இல் இறுகியதால், மறுவெளியீட்டுப் பிரதிகளில் இதை வெட்டினார்கள். பூதம் கையை நீட்டுவதோடு காட்சி நின்றுவிடும்; அடுத்து, செத்த மகளைக் கையில் ஏந்தித் தகப்பன் ஊருக்குள் நடந்து வருவான். நடுவில் நடந்ததைப் பார்வையாளர் படத்தில் இருப்பதைவிடக் கேவலமாகக் கற்பனை செய்துகொள்வார். வெட்டிய துண்டு 1980-களில்தான் திரும்பச் சேர்ந்தது. சிறுமி தண்ணீரில் விழுவது உங்கள் பிரதியில் இல்லை என்றால் வேறு பிரதி தேடுங்கள்.

மூன்றாவது, 'கிங் காங்' (1933). காங் பல காட்சிகளில் சுமார் 18 அங்குல பொம்மை. உள்ளே உலோக எலும்புக்கூடு, மேலே முயல் தோல். வில்லிஸ் ஓ'பிரையன் குழு அதைத் துளித் துளியாக நகர்த்தி ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்தது. காங்கின் ரோமம் தானாகச் சிலிர்ப்பது போலத் தெரியும். பொம்மையைத் தொட்ட விரல்களின் தடம் அது. டிவியில் அசைவு வழவழப்பை அணைக்காவிட்டால் இந்தப் படம்தான் அதிகம் கெடும். நகர்வுகளுக்கு நடுவே டிவி இல்லாத ஃப்ரேமை இட்டு நிரப்பி, காங்கை ரப்பராக்கிவிடும். 1938 மறுவெளியீட்டில் காங் மனிதர்களைக் கடிக்கும், மிதிக்கும் காட்சிகளை எடுத்தார்கள். பின்னால் அவை கிடைத்துச் சேர்க்கப்பட்டன. தீவுவாசிகளைக் காட்டும் விதம் அப்பட்டமான நிறவெறி. சின்னப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் அதைப் பேசிவிட்டுப் பார்ப்பது நல்லது.

பெலா லுகோசி நடித்த 'டிராகுலா'வை (1931) ஏன் இன்னும் சொல்லவில்லை? முதல் 20 நிமிடம், அந்தக் கோட்டைப் படிக்கட்டு, ஆஹா. அதன் பிறகு படம் வரவேற்பறையில் உட்கார்ந்துவிடும், மேடை நாடகத்தின் வழியாக வந்த கதை என்பதால். பின்னணி இசையும் கிட்டத்தட்டக் கிடையாது. தலைப்பில் 'ஸ்வான் லேக்' துண்டு ஒன்று ஒலித்து ஓய்ந்துவிடும். ஸ்பீக்கர் பழுதில்லை, பேசும்படத்தின் தொடக்க வழக்கம் அது. கிங் காங்கில் மாக்ஸ் ஸ்டைனர் இசை படம் முழுக்கத் தொடர்வதைக் கேட்டபின் இதைப் பார்த்தால் இரண்டே ஆண்டில் எவ்வளவு மாறியது என்று காதே சொல்லும். பல்லைத் தேடாதீர்கள், லுகோசிக்குக் கோரைப்பல்லே இல்லை. அதே அரங்குகளில் இரவில் இன்னொரு குழு எடுத்த ஸ்பானிஷ் டிராகுலா இதைவிட அரை மணி நேரம் அதிக நீளம், கேமராவும் அதில் அதிகம் நகரும். இரண்டையும் முழுசாகப் பார்க்க வேண்டியதில்லை. படிக்கட்டுக் காட்சியை மட்டும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

சிவப்புப் பேனாவும் கண்ணாடித்தாளும்

1931-இல் ரூபன் மமூலியன் எடுத்த 'டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்தில் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகம் வெட்டே இல்லாமல் நம் கண்முன் கறுத்துக் கோடு விழுந்து மாறும். இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். வெள்ளைத்தாள், சிவப்பு ஸ்கெட்ச் பேனா, சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு கண்ணாடித்தாள் போதும்; கடைகளில் பரிசுப்பொருள் சுற்றித் தருகிற தாள்.

தாளில் பென்சிலால் ஒரு முகம் வரையுங்கள். கன்னக்குழி, நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே கருவளையம் இவற்றைச் சிவப்புப் பேனாவால் போடுங்கள். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்தால் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும், மென்மையான முகம் மட்டும் நிற்கும். மெதுவாக அதை விலக்கிப் பச்சைத்தாளை நகர்த்திக்கொண்டு வாருங்கள். கோடுகள் ஒவ்வொன்றாகக் கருப்பாக எழும். தாள் மெலிசாக இருந்து கோடு முழுசாக மறையவில்லை என்றால் இரண்டாக மடியுங்கள். மெரூன் பேனா ஆகாது, சிவப்பு பளிச்சென்று இருக்க வேண்டும்.

ஒளிப்பதிவாளர் கார்ல் ஸ்ட்ரஸ் செய்தது இதைத்தான்: முகத்தில் சிவப்பு ஒப்பனை, கேமரா முன்னால் நிறம் மாறும் ஃபில்டர். கருப்பு வெள்ளைப் படமாக இருந்ததால்தான் தந்திரம் பலித்தது. கலர்ப் படமாக இருந்தால் முகம் முழுக்கச் சிவந்து பச்சையாவது தெரிந்துபோகும். மார்ச்சுக்கு இந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் கிடைத்தது.

காட்டாமல் பயமுறுத்துவது

'கேட் பீப்பிள்' (1942) பார்க்கும் அன்று வீட்டில் மின்விசிறிச் சத்தத்தைக்கூடக் குறையுங்கள். ஆர்கேஓ நிறுவனம் தயாரிப்பாளர் வால் லூட்டனிடம் ஒரு தலைப்பையும் சிறு பட்ஜெட்டையும் நீட்டிப் படம் எடுக்கச் சொன்னது. சிறுத்தை வேடம் கட்டக் காசில்லை; இயக்குநர் ஜாக் டூர்னர் நிழலை வைத்தே முடித்தார். ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். திடீரென்று அந்தச் சத்தம் நிற்கிறது. ஒலியை வைக்க வேண்டிய அளவு இதுதான்: அந்தச் செருப்புச் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். அடுத்து வருவது உங்களைத் தூக்கிப் போடும். அது பேருந்து என்பதைச் சொல்லிவிட்டாலும் பலன் குறையாது. இந்த உத்திக்கே 'லூட்டன் பஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

இதன் பிறகு நோஸ்ஃபெராட்டுவுக்கும் கலிகாரிக்கும் திரும்புங்கள். கலிகாரியில் வீடுகள் கோணல், ஜன்னல்கள் முக்கோணம், நிழல்களைச் சுவரிலும் தரையிலும் பெயிண்டில் தீட்டியிருப்பார்கள். செட் மட்டம் என்று முகம் சுளிக்காதீர்கள். கிறுக்குப் பிடித்த ஒருவன் கண்ணில் உலகம் எப்படித் தெரியுமோ அதுதான் செட். 2014-இல் வந்த சீரமைப்பில் தூரிகைத் தடம்கூடத் தெரியும். லான் சேனி நடித்த 'ஃபேண்டம் ஆஃப் தி ஆப்பரா'வின் 1925 மூலம் வீட்டுக்காட்சிக்கான 16 மி.மீ. பிரதிகளில்தான் மிஞ்சியது, தெளிவு குறைவு. கண்ணுக்கு நன்றாக இருப்பது 1929 வாக்கில் மாற்றித் தொகுத்தது. முதல் தடவைக்கு அதையே பாருங்கள், முகமூடி விருந்துக் காட்சி இருவண்ண டெக்னிகலரில் இருக்கிறதா என்று மட்டும் கவனித்துக்கொண்டு.

1950-களுக்குப் பிறகு

'கொஜிரா' (1954, இயக்கம் இஷிரோ ஹோண்டா) ஜப்பானிய மூலம் 96 நிமிடம். அமெரிக்காவில் 1956-இல் வெளியானது ரேமண்ட் பர் என்ற நடிகரை நடுநடுவே செருகிச் சுமார் 80 நிமிடத்துக்குச் சுருக்கியது. முதலில் மூலத்தைப் பாருங்கள். 1954 மார்ச்சில் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. நவம்பரில் படம் வந்துவிட்டது. தொடக்கத்திலேயே படகு ஒன்று ஒளியில் எரிவதற்கு அர்த்தம் மூலத்தில்தான் முழுசாகப் புரியும். மிருகம் 50 மீட்டர் உயரம், நகரப் பொம்மைகள் 25-இல் ஒரு பங்கு. ஆகவே உள்ளே இருக்கும் ஆளோடு உடை 2 மீட்டர். அதிவேகத்தில் படமெடுத்து இயல்பு வேகத்தில் ஓட்டினால் அசைவு மெதுவாகும், உடம்புக்குக் கனம் வரும். ஊமைப்படத்தில் நம்மைச் சிரிக்கவைத்த அதே வேகக் கணக்கு, தலைகீழாக.

ராட்சத மிருக மோகம் அன்று சேலத்தையும் தொட்டது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து 1952-இல் எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில், தமிழில் 'காடு', சடை மூடிய மாமத் யானைகள் வரும்.

பிரிட்டனின் ஹாமர் நிறுவனம் 1957-இல் ஃபிராங்கன்ஸ்டைனை வண்ணத்தில் எடுத்தபோது பியர்ஸின் முக அமைப்பைத் தொட, 1931 படத்தை எடுத்த யூனிவர்சல் நிறுவனம் விடவில்லை; கிறிஸ்டோபர் லீயின் பூதம் அதனால்தான் தையல் போட்ட பிணம் மாதிரி இருக்கும். மறு ஆண்டு லீயே டிராகுலா. அந்தப் படம் அமெரிக்காவில் 'ஹாரர் ஆஃப் டிராகுலா' என்ற பெயரில் வந்தது, தேடும்போது இரண்டு பெயரையும் போடுங்கள். ஜப்பானில் கிடைத்த ரீல்களிலிருந்து விடுபட்ட துண்டுகளைச் சேர்த்த சீரமைப்பு 2012-க்குப் பிறகு வந்தது.

வெளிநாட்டு ப்ளூரே வாங்குபவர்கள் வட்டின் முதுகைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வட்டுகள் ஏ மண்டலம், பிரிட்டிஷ் பி, இந்தியா சி. மண்டலப் பூட்டு இல்லை என்று எழுதியிருந்தால் மட்டும் காசு கொடுங்கள்.

ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968) விஷயத்தில் கூடுதல் கவனம். கடைசி நேரத்தில் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப்போனது. அதனால் யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்றாகி, மங்கல் பிரதிகளும் சாயம் பூசிய வண்ணப் பிரதிகளும் 30 ஆண்டு கழித்துப் புதுக் காட்சி செருகிய பிரதியும் மலிந்து கிடக்கின்றன. 96 நிமிடம், கருப்பு வெள்ளை, மூல நெகடிவிலிருந்து எடுத்த 4கே சீரமைப்பு என்றிருந்தால் அதுதான்.

'லண்டன் ஆஃப்டர் மிட்நைட்' (1927) முழுப்படம் என்று எவராவது ஏற்றியிருந்தால் நேரத்தை வீணாக்காதீர்கள். கடைசியாக இருந்ததாகத் தெரிந்த பிரதி 1960-களில் எம்ஜிஎம் கிடங்குத் தீயில் போயிற்று. இன்று படமென்று ஓடுவது நிழற்படங்களை அடுக்கிச் செய்த மறுகட்டமைப்பு: உயரத் தொப்பி, கூர்கூரான பல்வரிசை, பிதுங்கிய கண்ணோடு லான் சேனி அசையாமல் நின்றுகொண்டிருப்பார்.